உடனுண்ணி

பள்ளி விலங்கியல் நூல்களில் ஒரு சிறிய அட்டவணை இருக்கும். இரண்டு உயிர்கள் சேர்ந்து வாழ்கையில் இரண்டும் பயன் பெற்றால் இரண்டு கூட்டல் குறிகள். ஒன்று பயன் பெற்று மற்றது கேடுற்றால் ஒரு கூட்டலும் ஒரு கழித்தலும்; அது ஒட்டுண்ணி வாழ்வு. ஒன்று பயன் பெற, மற்றதற்கு ஆக்கமும் இல்லை, கேடும் இல்லை என்றால் ஒரு கூட்டலும் ஒரு சுழியும். அது உடனுண்ணும் நிலை. மாணவர்கள் இதை மனப்பாடம் செய்து, எடுத்துக்காட்டாகக் கடற்சாமந்தியையோ சுறாவின் வயிற்றில் ஒட்டிச் செல்லும் மீனையோ எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். நாங்களும் அவ்வாறு எழுதி வாங்கியவர்கள்தாம். 2023 முதல் அந்தச் சுழியை எங்கள் வீட்டு முன்னறையில் கண்ணாடித் தொட்டி ஒன்றில் வைத்துப் பார்த்து வருகிறோம். அது ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

நாங்கள் என்றது கணவன் மனைவி இருவரையும். எங்களுள் ஒருவர் கல்லூரியில் தமிழ் நடத்துபவர். மற்றவர் மேனிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துபவர். ஊர் தூத்துக்குடி. வீட்டில் ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் வழங்குவது எங்களுக்குப் பழக்கம். இருவரும் ஒத்துக்கொண்டு வாங்கிய மிகச் சில பொருள்களுள் இத்தொட்டியும் ஒன்று.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பெல்ஜிய நாட்டு விலங்கியலார் பியர் ஜோசப் வான் பெனெடென் 1875-இல் வெளியிட்ட நூலில் உயிர்களின் கூட்டு வாழ்வை வகைப்படுத்தி, அதில் ஒரு வகைக்குக் 'கமென்சல்' என்னும் பெயரை நிலைநிறுத்தினார். இலத்தீனில் 'மென்சா' என்றால் மேசை. ஒரே மேசையில் உடன் அமர்ந்து உண்பவர் என்பது பொருள். தமிழில் மேசை இல்லை, பந்தி உண்டு. ஆகவே 'உடன்பந்தியர்' என்பதே நேர்ப்பெயராக இருந்திருக்கும். கலைச்சொல் ஆக்கியோர் 'உண்ணி'யைத் தேர்ந்தார்கள். அச்சொல்லில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஊனுண்ணி, தாவரவுண்ணி என்று வருமிடத்தில் அது வெறும் உண்பதைக் குறிக்கும். தனியே நிற்கும்போதோ மாட்டின் காதுமடலில் இரத்தம் குடித்துப் பருத்துக் கிடக்கும் பூச்சி நினைவுக்கு வரும். உடனுண்ணி என்றவுடனேயே அந்தப் பூச்சியும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. தீங்கற்றது என்று வரையறுத்துவிட்டு, வைத்த பெயரிலேயே ஐயத்தையும் தடவி வைத்தாற்போல.

இனி, எங்கள் பந்தியில் அமர்ந்தவற்றைச் சொல்ல வேண்டும்.

பெரியது ஒரு கடற்சாமந்தி. அறிவியற்பெயர் என்டாக்மியா குவாட்ரிகலர். அதன் உணர்நீட்சிகளின் நுனி சிறு குமிழ்போல் உப்பியிருக்கும். தொட்டிகளில் இது உடலை இரண்டாகப் பிளந்துகொண்டு பெருகும் இயல்புடையது. நண்பர் ஒருவரின் தொட்டியில் அப்படிப் பிளந்த ஒரு பாதி எங்களிடம் வந்தது. சிறியவை இரண்டு இறால்கள், ஓர் இணை. அன்சைலோகாரிஸ் பிரெவிகார்பாலிஸ் என்பது பெயர். 1902-இல் ஷெங்கெல் என்பவர் செலிபிஸ் தீவின் இறால் நண்டு இனங்களை ஆராய்ந்து எழுதியபோது இட்ட பெயர் அது. பிறகு நெடுங்காலம் வேறொரு பெரும் பேரினத்தில் சேர்த்து வழங்கிவந்து, 2017-இல் பழைய பெயரையே திரும்பப் பெற்றது. 'பிரெவிகார்பாலிஸ்' என்பதற்குக் குறுகிய மணிக்கட்டு உடையது என்று பொருள். வண்ணமீன் வளர்ப்போர் மயில்வால் இறால் என்பர். வால்விசிறியில் கருவிளிம்பு கட்டிய ஐந்து செம்மஞ்சள் கண்கள் இருப்பதால் வந்த பெயர். உடல் கண்ணாடி, அதற்குள் உணவு இறங்குவதைக்கூடப் பார்க்கலாம். பெண்ணின் மேல் வெண்சுண்ணம் அப்பியதுபோல் திட்டுகள் உண்டு. அது நான்கு சென்டிமீட்டர் அளவை எட்டும். ஆண் அதனினும் சிறியது, திட்டுகளும் குறைவு. சாமந்தியின் நடுவே அது நின்றால் ஐந்து கண்கள் மட்டும் அந்தரத்தில் மிதப்பதாகத் தோன்றும்.

நெய்தல் பாடல்களில் வரும் இறவு பெரும்பாலும் ஏதேனும் ஒரு பறவையின் வாயில் இருக்கும். வகுப்பில் ஆண்டுதோறும் அப்பாடல்களை நடத்திவிட்டு வீடு திரும்பினால், இங்கே ஓர் இறவு எதன் வாயிலும் அகப்படாமல், கொட்டும் நஞ்சுடைய ஆயிரம் விரல்களுக்கு நடுவே கால் நீட்டிப் படுத்திருக்கும். எங்களை இந்தப் பொழுதுபோக்கில் பிடித்து நிறுத்தியது அக்காட்சிதான்.

தொட்டி ஏறத்தாழ இருநூறு லிட்டர் கொள்ளும். கல்பவளம் அதில் ஒன்றுகூட இல்லை. பாறை எல்லாம் வார்த்துச் செய்த செயற்கைப் பாறை. அதன்மேல் தோல்பவளமும் காளான்பவளமும் படர்ந்திருக்கின்றன. இதற்குச் சட்டம் ஒரு காரணம். கல்பவளங்கள் அனைத்தும் 2001-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. உயிருள்ளதானாலும் செத்ததானாலும் அவற்றைக் கடலிலிருந்து எடுத்தல் குற்றம். ஊர் இன்னொரு காரணம். எங்கள் கடற்கரையின் பழைய சுவர்களில் பவளக்கல் இருக்கிறது. பவளத்தை வெட்டிக் காளவாசலில் நீற்றிச் சுண்ணாம்பாக்கிய காலம் நெடியது. மன்னார் வளைகுடாவில் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது அதில் இருபத்தொரு தீவுகள் எண்ணப்பட்டன. அவற்றுள் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இப்போது நீருக்குள் இருக்கின்றன. சுற்றியிருந்த பவளத்தை அகழ்ந்தெடுத்ததே அவை அமிழ்ந்ததற்குப் பெருங்காரணமாகச் சொல்லப்படுகிறது. தீவைத் தாங்கிக்கொண்டிருந்த கல்லை எடுத்து வீடு கட்டிய ஊரில் இருந்துகொண்டு, வீட்டுக்குள் இன்னொரு பவளப்பாரை அமைக்கும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்யும்.

இறால்கள் எப்படிக் கொட்டுப்படாமல் அங்கே வாழ்கின்றன என்று வீட்டுக்கு வருவோர் அனைவரும் கேட்பார்கள். பிறவியிலேயே அவற்றுக்குக் காப்பு உண்டு என்று சொல்லி முடித்துவிட முடியாது. 2023 மார்ச்சில் இணையைத் தொட்டியில் விட்ட நாளில் நாங்கள் கண்டது இது. பெண்ணிறால் சாமந்தியின் ஓரத்தில் வந்து நின்றது. ஒரு காலால் ஒரு நீட்சியைத் தொட்டுப் பின்வாங்கியது. தொட்ட காலை வாய்க்குக் கொண்டுபோய் நக்கியது. மீண்டும் தொட்டது. இப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுக்கல் வாங்கல் நடந்தது. பிறகு வாலை உள்ளே நுழைத்தது. பின் உடல் முழுவதும். இதனோடு நெருங்கிய பிற சாமந்தி இறால்களிலும் இத்தகைய பழகுபடலத்தை ஆய்வாளர் பதிவு செய்திருக்கிறார்கள். சில நாள் சாமந்தியை விட்டுப் பிரித்துவைத்தால் பழைய பழக்கம் செல்லாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆக, அங்கே குடியிருக்கும் உரிமை ஒருநாளில் எழுதிக் கொடுக்கப்படுவதன்று. நாள்தோறும் தொட்டுத் தொட்டுப் புதுப்பிக்கப்படுவது.

வளர்ப்பில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒழுங்கு மட்டும் வேண்டும். ஆயிரத்துக்கு 35 என்ற அளவில் உப்பு நிற்க வேண்டும். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எனவே குறைந்த அளவுக்கு நன்னீரே சேர்க்க வேண்டும், கடல்நீர் அன்று. வெப்பம் 25-லிருந்து 27 பாகை. தூத்துக்குடி வெயிலுக்குக் குளிர்விப்பான் இன்றி அது நடவாது. செம்பு கலந்த மருந்து எதுவும் தொட்டிப் பக்கம் வரலாகாது. மீனின் நோயைத் தீர்க்கும் செம்பு இறாலைக் கொன்றுவிடும். சில வாரங்களுக்கொருமுறை இறால் சட்டையுரிக்கும். உரிந்த சட்டை கண்ணும் காலும் மீசையுமாக முழு இறாலைப் போலவே மணலில் கிடக்கும். புதிதாக வளர்ப்போர் செத்துவிட்டது என்று கலங்குவர். செத்தது கிடக்க, மெய்யான இறால் மெத்தென்ற உடம்போடு சாமந்திக்குள் ஒளிந்திருக்கும். ஓடு இறுகும்வரை அதற்கு வேறு புகலிடம் இல்லை.

இப்படியே இருந்திருந்தால் நாங்களும் அட்டவணையின் சுழியை நம்பிக்கொண்டு இருந்திருப்போம்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த மழையைத் தென்மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை கடந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு இரயில் நின்றுபோனதை நாடே பார்த்தது. எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர். நான்கு நாள் மின்சாரம் இல்லை. ஸ்ரீவைகுண்டத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் தனியே இருந்த பெரியம்மாவின் வீட்டில் இடுப்பளவு நீர் ஏறி, பின்சுவர் சரிந்தது. எங்களுள் ஒருவருடைய தாயின் தமக்கை அவர். கணவரை இழந்து இருபதாண்டுக்கு மேலாயிற்று, பிள்ளைகள் இல்லை. ஊர்க்காரர்கள் டிராக்டரில் ஏற்றி மேட்டுநிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து இரண்டு வண்டி மாறி எங்களிடம் வந்து சேர்ந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் குடும்ப அட்டையும் இரண்டு சேலையும்.

அவர் வந்த நாள், தொட்டிக்கு மின்சாரம் அற்ற இரண்டாம் நாள். இன்வெர்ட்டரில் மிச்சமிருந்ததைக் கொண்டு மணிக்குப் பத்து நிமிடம் பம்பை ஓட்டிக்கொண்டிருந்தோம். அன்றிரவு அதுவும் தீர்ந்தது. ஓடாத நீரில் உயிர்க்காற்று குறையும். அது குறைந்தால் பாறையின் துளைகளில் வாழும் நுண்ணுயிர்கள் மடியும். அவை மடிந்தால் கழிவு அம்மோனியாவாக நீரில் தங்கும். செம்பால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால் காற்று கரையும் என்று சொல்லிக்கொண்டே நாங்கள் மாறிமாறி ஊற்றினோம். பெரியம்மா செம்பை வாங்கிக்கொண்டார். இது எதற்கு என்று கேட்கவில்லை. கிணற்றடியில் வளர்ந்தவர். மொண்டு ஊற்றுவது அவருக்கு வேலையாகவே தெரியவில்லை. இரண்டு இரவுகள், அவரும் நாங்களுமாக முறைவைத்து ஊற்றினோம். மின்சாரம் வந்தபோது ஒரு சிறுமீன் இறந்திருந்தது, மற்றவை உயிரோடிருந்தன. இறால் இணையும் இருந்தது.

சாமந்தி இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. சாமந்தியின் திசுவுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. ஒளியைக் கொண்டு அவை ஆக்கும் சர்க்கரையே அதற்குப் பெரும்பங்கு உணவு. அதன் நிறமும் அவற்றாலேயே. கேடுற்ற நீரில் சாமந்தி அப்பாசிகளை இழக்கத் தொடங்கியது. பத்து நாளில் பழுப்பு வெளிறி, ஜனவரியில் ஏறக்குறைய வெள்ளையாயிற்று. வெப்பம் மிகுந்த கடலில் பவளம் வெளுப்பதும் இதே வகையானதுதான். காரணம் வேறு, இழப்பு ஒன்று. வெளுத்தது உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கிறது. முன்பு போட்ட இரையை இறுகப் பற்றியது, இப்போது பற்றாமல் நழுவவிட்டது. உடல் பாதியாகச் சுருங்கியது. சாமந்தி செத்தால் கதை அதோடு முடியாது. அது அழுகினால் தொட்டி நீர் முழுவதும் ஓரிரவில் நஞ்சாகும்.

பகலெல்லாம் வீட்டில் இருந்தவர் பெரியம்மா ஒருவரே. தொலைக்காட்சியில் அவருக்கு நாட்டமில்லை. தொட்டியின் முன்னே மணை போட்டு உட்கார்ந்து கீரை ஆய்வார். ஒருநாள் மாலை நாங்கள் வந்ததும் சொன்னார்: "அந்தப் பூவ இது பிச்சுப் பிச்சுத் திங்கு. பாத்துக்கிடுங்க."

அன்றிரவு விளக்கணைத்த பிறகு சிவப்பு ஒளியில் பார்த்தோம். இறாலின் கண்ணுக்குச் சிவப்பு அவ்வளவாக உறைக்காது. பெண்ணிறால் ஒரு நீட்சியின் நுனியைக் கொடுக்கால் பற்றி இழுத்தது, கிள்ளியது, வாய்க்குக் கொண்டுபோயிற்று. கண்ணாடி உடலுக்குள் அந்த வெண்துணுக்கு இறங்குவதையும் பார்த்தோம். மறுநாள் எண்ணியதில் ஒரு பக்கத்து நீட்சிகளில் பல மொட்டையாக இருந்தன.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய பழமொழி எங்கள் இருவர் வாயிலும் ஒருசேர வந்தது. பெரியம்மா அருகில் இருந்ததால் இருவரும் விழுங்கினோம்.

பிறகு நடந்தது இரண்டு நாள் வாதம். விலங்கியல் தரப்பு இறால்களை உடனே துளையிட்ட பெட்டியில் பிரித்துவைக்கச் சொன்னது. ஓம்புயிர் நோயுற்றிருக்கும்போது அதைத் தின்பது உடனுண்ணி அன்று, அது ஒட்டுண்ணி. தமிழ்த் தரப்பு, பத்து மாதம் தின்னாதது இன்றைக்கு ஏன் தின்றது என்று கேட்டது. இனம் மாறவில்லை, குணம் மாறவில்லை. மாறியது எது?

மாறியது பந்தி. அதுவரை இறால்களுக்கு நாங்கள் போட்டது கொஞ்சம். அவை பெரும்பாலும் உண்டது சாமந்தியின் வாயருகே சிந்தியதையும், அதன் சளியையும், அதில் ஒட்டிய துகள்களையும். உடனுண்ணல் என்பது அப்படித்தான் நடக்கும். பெரியவர் இலையில் மிஞ்சுவது சிறியவர் இலைக்கு. பெரியவர் உண்பதை நிறுத்தியபோது சிந்துவதும் நின்றது. சளியும் வற்றியது. பந்தியில் சோறு தீர்ந்தபின் எஞ்சியிருந்தது இலைதான். இலையைத் தின்னத் தொடங்கிற்று.

இது எங்கள் கற்பனை அன்று. டாஃப்னி ஃபாட்டினும் உடனாய்வாளர்களும் 1995-இல் இதே இறாலுக்கும் இதே சாமந்திக்கும் இடையிலான உறவின் வரவுசெலவை ஆராய்ந்து எழுதினார்கள். இவ்வினம் தன் ஓம்புயிரின் நீட்சிகளைத் தின்பது அறிஞர் அறியாத செய்தி அன்று. அட்டவணையின் சுழிக்குப் பக்கத்தில் ஒரு கழித்தல் குறி எப்போதும் காத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் கூட்டல் குறியும் காத்திருக்கிறது. 1996-இல் ஸ்டீஃபன் ஸ்பாட் கரீபியக் கடலின் ஒரு சாமந்தி இறாலை ஆராய்ந்து, அது கழிக்கும் அம்மோனியா அதன் சாமந்திக்கு நைதரசனாகச் சேர்வதைக் காட்டினார். சாமந்தியின் உள்ளிருக்கும் பாசிக்கு அது உரம். குடியிருப்பவரின் கழிவு வீட்டுக்காரரின் தோட்டத்துக்கு எருவாகிறது. வாடகை தரவில்லை என்று எழுதிய கணக்கில் அந்த வரவு விடுபட்டிருந்தது. அதே கடலில் வேறொரு சாமந்தியை அதனடியில் வாழும் சொடுக்கிறால், தின்ன வரும் நெருப்புப்புழுவிடமிருந்து காப்பதை 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று பேசுகிறது. அதுவும் முன்பு சும்மா இருப்பது என்றே கருதப்பட்டது.

எனவே சுழி என்பது ஓர் உயிரின் இயல்பைக் குறிக்கும் குறி அன்று. வரவும் செலவும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் ஒரு நாளின் கணக்கு அது. சோறு குறைந்த நாளில் அதே இணை ஒட்டுண்ணி. சோறு நிறைந்த நாளில் உதவி.

நாங்கள் வாதாடிக்கொண்டிருக்கையில் பெரியம்மா கீரைத்தட்டை ஒதுக்கிவைத்துவிட்டுச் சொன்னார்: "பசிச்சா எதுதான் கடிக்காது? அதுக்குத் தனியா ஒரு வாய் போட்டுட்டா அது ஏன் பூவுல வாய் வைக்கப்போவுது?"

மூன்று வாரம் அப்படிச் செய்து பார்ப்பது, அதற்குள் சாமந்தியின் வாய் பிளந்து நின்றால் பிரித்துவிடுவது என்று முடிவாயிற்று. பிரிப்பதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. பெட்டிக்குள் சட்டையுரிக்கும் இறாலுக்கு மறைவிடம் இராது. திரும்ப விடும்போது பழகுபடலம் முதலிலிருந்து தொடங்கும். வெளுத்துப் பதறிக்கிடக்கும் சாமந்தி அதை ஏற்குமா என்பதும் தெரியாது. ஆனால் சாமந்தி செத்தால் பிரிக்கப்பட்டதும் சாகும், பிரிக்கப்படாததும் சாகும். எந்தப் பக்கம் போனாலும் ஓர் உயிர் பணயம்.

முறை எளியது. காலையும் இரவும் உறைந்த மைசிஸைக் கரைத்து, நீண்ட இடுக்கியால் முதலில் இறால்களுக்கு நேரே நீட்டுவது. அவை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போனபின், சாமந்திக்கு நகக்கண்ணளவு சிப்பிச் சதையை வாயருகே வைத்து, அது பற்றும்வரை அசையாமல் பிடித்திருப்பது. இரண்டாவது வேலைக்கு ஐந்து நிமிடமும் ஆகும், அரை மணியும் ஆகும். கல்லூரிக்கும் பள்ளிக்கும் ஓடுகிற எங்களுக்குக் காலையில் அது முடியாது. பெரியம்மா எடுத்துக்கொண்டார். கை நடுங்கும் வயதில் இடுக்கி மட்டும் நடுங்காமல் நின்றது.

முதல் வாரத்தில் கிள்ளுவது குறைந்தது. இரண்டாம் வாரத்தில் நாங்கள் பார்த்தவரை நின்றது. சாமந்தி முதலில் இரண்டு நாளுக்கொருமுறை இரை பற்றியது. பிப்ரவரி இறுதியில் நாள்தோறும். மொட்டையான நீட்சிகளில் நுனி திரும்ப முளைத்தது. ஏப்ரலில் அடிப்புறத்தில் தேநீர்க்கறை போல ஒரு மங்கல் தெரிந்தது. பாசி திரும்புகிறது என்று அறிந்துகொண்டோம். முழுப் பழுப்பு வர ஜூலை ஆயிற்று. அதே 2024 கோடையில் இலட்சத்தீவுக் கடலில் பவளங்கள் பெருமளவில் வெளுத்த செய்தியைப் படித்தோம். அங்கே சிப்பிச் சதையை இடுக்கியில் பிடித்து நீட்ட யாராலும் ஆகாது.

இந்த மாதங்களில் வீட்டில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. பெரியம்மா எங்களோடு சேர்ந்து உண்ணமாட்டார். நாங்கள் உண்டு எழுந்த பின்பே அவர் தட்டெடுப்பார். மிஞ்சியதைப் பார்த்துத் தம் அளவை வைத்துக்கொள்வார். முழங்கால் வலியோடு எங்களுக்கு முன்பே எழுந்து பாத்திரம் தேய்த்து வைத்துவிடுவார். வேண்டாம் என்றால், "உக்காந்து திங்கவா வந்தேன்?" என்பார். தமிழில் இதற்கென்று ஒரு சொற்கூட்டமே இருக்கிறது: தண்டச்சோறு, ஒட்டிக்கொண்டிருப்பது, அண்டிப் பிழைப்பது, ஒண்டுக்குடித்தனம். விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். வந்தவர் புதியவராக இருக்கும்வரைதான் விருந்தினர்; விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று எல்லையும் கட்டிவைத்தார்கள். நான்காம் நாள் முதல் அவரைக் குறிக்க நம்மிடம் உள்ள சொற்கள் எல்லாம் ஏறத்தாழ வசைகள். அவற்றைப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. எழுபது ஆண்டு தமிழ் பேசிய ஒருவர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளப் போதுமானவை அவை.

ஆனால் இதே மொழியில்தான் பந்தி வஞ்சனை என்ற சொல்லும் இருக்கிறது. ஒரே வரிசையில் அமர்ந்தவருள் ஒருவருக்கு நெய்யும் மற்றொருவருக்கு மோரும் ஊற்றுவது. இச்சொல் உண்பவரைக் குற்றம் சொல்வதில்லை, பரிமாறுபவரையே நோக்குகிறது. யாரோடு யார் அமர்ந்து உண்ணலாம் என்பதைச் சாதியின் எல்லையாகப் பிடித்துவைத்திருந்த ஒரு சமூகம், அதை உடைக்கச் சமபந்தி என்ற சொல்லையும் ஆக்கிக்கொண்டது. உடனுண்ணியின் இயல்பு இன்னது என்று கேட்பதைவிடப் பரிமாறியது போதுமா என்று கேட்பது தமிழுக்கு அன்னியமன்று. விலங்கியல் நூலின் அட்டவணையில் அந்தக் கேள்விக்குத்தான் கட்டம் இல்லை.

தொட்டியை உவமையாக்கி மனிதருக்குப் பாடம் சொல்வதில் எங்களுக்கு விருப்பம் இல்லை. பெரியம்மா இறால் அல்லர். நாங்கள் சாமந்தியும் அல்லோம். அந்த இரண்டு இரவுகளில் செம்பைப் பிடித்தவர் யார் என்று பார்த்தால், அவ்வீட்டில் யார் யாரை அண்டியிருந்தார்கள் என்பதே குழம்பிவிடும். சொல்ல வருவது சொல்லைப் பற்றியது மட்டும். ஓர் உயிருக்குப் பெயரிடுமுன் அது உண்ட நாளையும் உண்ணாத நாளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவ்வகை இறால்களை வளர்க்க எண்ணுவோருக்கு அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம். சாமந்தி குறைந்தது ஓராண்டு தொட்டியில் நிலைத்த பிறகே இறாலைக் கொண்டுவர வேண்டும். சிறிய சாமந்தியில் ஓர் இணைக்கு மேல் விடலாகாது. மீந்ததைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்று சில கையேடுகள் சொல்வதை நம்பி விட்டுவிடாமல், இறாலுக்கென்று தனியே போட வேண்டும். கடலில் பிடித்ததை வாங்காமல் தொட்டியில் பிறந்ததைத் தேட வேண்டும். இலட்சத்தீவின் அகத்தித் தீவில் தேசிய மீன் மரபுவளப் பணியகத்தார் இம்மயில்வால் இறாலையும் தோர் ஹைனானென்சிஸ் என்ற குட்டி இறாலையும் இனப்பெருக்கம் செய்து, அத்தீவுப் பெண்களிடம் வளர்க்கக் கொடுத்தார்கள். பார்க்குச் சேதமின்றி ஒரு வீட்டுக்கு வருமானம் வரும் வழி அது. எங்கள் வீட்டில் முட்டை பொரித்த இரவுகளில் குஞ்சுகளை வளர்க்க முயன்றதுண்டு. புள்ளியளவு உயிர்கள் நீரில் மிதந்து, மூன்றாம் நாள் இல்லாமற் போயின. அப்பெண்களின் கைத்திறன் எத்தகையது என்பதை அதனால் அறிந்தோம்.

அந்த முதல் இணை இப்போது இல்லை. 2025-இல், முதுமையால், சில வாரங்கள் முன்பின்னாக இரண்டும் இறந்தன. சாமந்திகள் பல பத்தாண்டுகள் வாழக்கூடியவை, எங்களுடையது இருக்கிறது. இரண்டு மாதம் அது யாரும் இன்றி இருந்தது. பிறகு தொட்டியில் பிறந்த ஓர் இளம் இணை வந்தது. தொட்டுப் பார்ப்பதும் காலை நக்குவதுமாக அதே பழகுபடலம். பெரியம்மா மணையிலிருந்து எழாமல் முழுவதையும் பார்த்தார்.

அவருடைய வீட்டுப் பின்சுவர் 2024 ஆவணியில் கட்டி முடிந்தது. சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. கொடைக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறார். நிலைத்துப் போவதாகச் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. தொட்டிக்கென்று ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். உப்பு, வெப்பம், இரை, சட்டையுரித்த நாள், எல்லாம் நாள்வாரியாக அதில் உண்டு. இரவில் மூன்று தட்டுகளும் ஒரே நேரத்தில் வைக்கப்படத் தொடங்கியது எந்த நாளிலிருந்து என்று அதில் தேடினால் கிடைக்காது. தினமும் எட்டு மணிக்கு இறாலுக்குப் போட்டுவிட்டு அவர் கை கழுவிக்கொண்டு வருவார், அதன்பிறகு உட்காருவோம்.